மாதவிடாய் இரண்டே நாளில் நின்றுவிடுகிறது: காத்திருப்பதா, டெஸ்ட்டா, டாக்டரா, மாத்திரையா?

"முன்னெல்லாம் நாலு நாள் இருக்கும். இப்போ ரெண்டாம் நாளே நின்னு போகுது. பேடுகூட முழுசா நனையலை." இதைச் சொல்லி முடிப்பதற்குள் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வைத்தியம் வந்துவிடும். அத்தை எள்ளுருண்டை என்பார். ஹாஸ்டல் தோழி தைராய்டு பார்க்கச் சொல்வாள். அக்கா தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைப் படம் பிடித்தே அனுப்பிவிடுவாள். பாட்டிக்குச் சந்தேகமே கிடையாது: "உடம்புல ரத்தம் பத்தலை."

ஆக, முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். பொறுத்திருந்து கவனிப்பது, நாமே லேபுக்குப் போய் டெஸ்ட் எடுப்பது, டாக்டரைப் பார்ப்பது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது, கைவைத்தியம். செலவும் வேறு, பலனும் வேறு, ஆபத்தும் வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி தவறாமல் வருகிற பெண்களில் பெரும்பாலானோருக்குக் கவனிப்பதுதான் முதல் வழி. சொந்தமாக மாத்திரை வாங்கிப் போடுவது யாருக்கும் முதல் வழி இல்லை. நேராக டாக்டரிடம் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். "குறைவாத்தானே வருது, தொல்லை விட்டது" என்று பேசாமல் இருந்துவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

எவ்வளவு வந்தால் குறைவு?

மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ, 2018இல் மாதவிடாய் பற்றிய தன் வரையறைகளைத் திருத்தியது. அதன்படி ரத்தப்போக்கு 8 நாளைத் தாண்டினால்தான் அதிக நாள். இத்தனை நாளுக்குக் குறையக்கூடாது என்று கீழே ஒரு கோடு கிடையாது. அதனால் 2 நாளில் நிற்பதாலேயே அது நோய் ஆகிவிடாது.

அளவைப் பற்றியும் நமக்கு ஒரு மிகையான கற்பனை இருக்கிறது. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சேர்த்து சராசரியாக 30, 40 மில்லிதான் இழப்பு. பழைய பாடப்புத்தகங்கள் 5 முதல் 80 மில்லி வரை இயல்பு என்றே எழுதின. இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியை எடுத்துக்கொண்டால், அதில் மூன்று நான்கு மூடி, அவ்வளவுதான். வெளியே வருவதில் ஏறக்குறைய பாதிதான் ரத்தம். மற்றது கர்ப்பப்பையின் உள்சவ்வுத் துணுக்கும் சளித் திரவமும்.

நாப்கினைப் பார்த்து அளப்பதிலும் ஒரு சிக்கல். இப்போது வரும் ஜெல் வகை நாப்கின்கள் ஈரத்தை உள்ளே இழுத்து மேல்பரப்பைக் காய்ந்தாற்போல் வைத்திருக்கின்றன. பழைய சேலைத் துணியை மடித்து வைத்து, நாளுக்கு நான்கு தடவை அலசிப் போட்ட அம்மாவுக்கு மகளின் எக்ஸ்.எல். நாப்கினைப் பார்த்தால் "ஒண்ணுமே போகலையே" என்றுதான் தோன்றும். நிஜமாகவே அளந்து பார்க்க வேண்டும் என்றால் மென்ஸ்டுரல் கப் உதவும். பல கப்களில் மில்லி கோடு போட்டிருக்கும். கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும், நாப்கின் கணக்கை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

"சரியாப் போகலைன்னா கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும், அதனாலதான் உடம்பு ஊதுது" என்பது அடுத்தது. தங்குவதற்கு உள்ளே அப்படி ரத்தக் கிடங்கு எதுவும் இல்லை. சினைமுட்டைப் பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியானபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அதைத் தாங்கி நிறுத்துகிறது. கர்ப்பம் தரிக்காவிட்டால் அந்த இரண்டும் இறங்கும், சவ்வு உதிரும். சவ்வு மெல்லியதாக வளர்ந்த மாதம் உதிர்வதும் குறைவு. உண்மையிலேயே கர்ப்பப்பை வாயில் அடைப்பு இருந்து ரத்தம் தங்கினால் மாதாமாதம் வலி உயிரை எடுக்கும், அது வேறு விஷயம். எடை கூடுவதற்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் காரணம் ஹார்மோன், தங்கிய ரத்தம் இல்லை.

என்னைக் கேட்டால் அளவைவிட முக்கியமானது இடைவெளி. ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 24 முதல் 38 நாள், அதுவும் ஏறக்குறைய ஒரே சீராக வருகிறது, வருவதற்கு முன் மார்பு கனப்பது, எரிச்சல், இடுப்பு வலி என்று வழக்கமான அறிகுறிகளும் இருக்கின்றன என்றால், முட்டை மாதாமாதம் வெளியாகிறது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு 2 நாள் வந்தாலும் குழந்தை பிறப்பதில் அதனால் தடை ஏதும் இல்லை. கல்யாணம் நிச்சயமான பெண்கள் இதற்காகத் தூக்கம் கெடுவதைப் பார்க்கையில் பாவமாக இருக்கிறது. இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. டாக்டர் பற்றிய பகுதியில் அதைச் சொல்கிறேன்.

எந்த வழியானாலும் முதலில் கார்டு

கர்ப்பத்துக்குக் கொஞ்சமேனும் வாய்ப்பு இருந்தால், முதல் செலவு மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டாக இருக்கட்டும். சில பத்து ரூபாய்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்த்துவிடலாம். கர்ப்பப்பையில் கரு ஒட்டும் சமயத்தில் சிலருக்கு லேசாக ரத்தம் படும். அது பீரியட்ஸ் வரவேண்டிய தேதியை ஒட்டியே வருவதால் "இந்த மாசம் கம்மியா வந்துது" என்று கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

காலையில் போகும் முதல் சிறுநீர். கூட வரும் சின்னச் சொட்டுக்குழாயால் கார்டின் குழியில் அதில் போட்டிருக்கும் அளவுக்குச் சொட்டு விட்டு, சில நிமிடம். சி பக்கத்தில் கோடு வந்தால்தான் கார்டு வேலை செய்கிறது என்று பொருள். டி பக்கம் மங்கலாக ஒரு கோடு விழுந்தாலும் அது கோடுதான். "சரியாத் தெரியலை, அப்போ இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம், இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு கார்டு போடுங்கள். டி பக்கம் கோடே வராவிட்டாலும், சந்தேகம் இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

கார்டில் இரண்டு கோடு, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறது, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் குழாய்க் கர்ப்பமோ, அதாவது கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை முனையில் வலி என்று வந்தால் ராத்திரி ஆனாலும் 108ஐக் கூப்பிட வேண்டியதுதான். ரத்தம் வெளியே குறைவாகப் படுவதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கக்கூடாது, குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும்.

கவனிப்பது: காசில்லாத வழி, ஆனால் சும்மா இருப்பது இல்லை

கவனிப்பது என்றால் மூன்று சுற்று எழுதி வைப்பது. செயலி வேண்டும் என்றால் செயலி. அடுக்களையில் தொங்கும் மாதக் காலண்டர் இன்னும் வசதி: பால் கணக்கு எழுதும் அதே பேனாவால் முதல் நாளில் ஒரு புள்ளி, நிற்கும் நாளில் ஒரு புள்ளி. பக்கத்தில் எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது, நிறம், வலி. அப்புறம், பலரும் எழுதாமல் விடுவது: அந்த மாதம் வாழ்க்கையில் என்ன நடந்தது. பரீட்சை, வைரஸ் காய்ச்சல், புது வேலை, நைட் ஷிஃப்ட், பட்டினி டயட், புதிதாக ஆரம்பித்த மாத்திரை.

இந்தக் கடைசி வரியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். உறவுக்கு மறுநாள் போட்ட அவசரக் கருத்தடை மாத்திரை அந்த மாதத்தின் தேதியையும் அளவையும் மாற்றிவிடும். அடுத்த மாதம் தானே சரியாகும். தினமும் போடும் கருத்தடை மாத்திரையில் 21 நாள் கழித்து வருவது இயல்பான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் நிறுத்தியதால் வரும் உதிர்வு. அந்த மாத்திரை சவ்வை மெல்லியதாக வைத்திருப்பதால் போக்கு குறைவது எதிர்பார்த்ததே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சினைப்பை நீர்க்கட்டிக்காக, 'ரெகுலராக வரட்டும்' என்று டாக்டர் எழுதுவதும் பெரும்பாலும் இதே மாத்திரைதான். தேதி ஒழுங்காகிவிடும், அளவு குறைந்துவிடும், "மாத்திரை வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுவார்கள்.

அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் கொடுக்கும் அந்தரா கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதில் ஆரம்பத்தில் அங்கங்கே பட்டு, போகப் போகக் குறைந்து, பலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வரப் பல மாதம் பிடிக்கும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, இப்போது அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் வரும் கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. ஆனாலும் சிலருக்குத் தேதி தள்ளும், போக்கு குறையும். கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் தடவிய கருத்தடை லூப் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் ரத்தப்போக்கே இருக்காது. காப்பர் டி மட்டும் இதற்கு எதிர், அது போக்கைக் கூட்டும். ஆகவே காப்பர் டி வைத்திருக்கும் பெண்ணுக்குத் திடீரென்று குறைந்தால் "லூப்பால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, கார்டு போட்டுப் பார்க்க வேண்டும்.

கவனிப்பது யாருக்குப் பொருந்தும்? வயதுக்கு வந்ததிலிருந்தே இரண்டு மூன்று நாள்தான் என்கிறவர்களுக்கு. அம்மாவுக்கும் அப்படித்தான் என்றால் இன்னும் நிம்மதி. தேதி சீராக இருந்து ஒன்றிரண்டு மாதம் மட்டும் குறைந்தவர்களுக்கும். இந்த வழியின் குறை, மூன்று மாதம் முழுதும் மனசு அதிலேயே கிடக்கும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அதுவே ஒரு வியாதி.

லேப் பேக்கேஜ்: மலிவாகத் தெரியும், குழப்பம் அதிகம்

'பெண்கள் நல முழுப் பரிசோதனை, 60 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கப்படும்.' தள்ளுபடி விலை வேறு. பதற்றத்தில் இருப்பவருக்கு இது வசதியாகத்தான் தெரியும். அறிக்கை வரும்போது நான்கு இடத்தில் தடித்த எழுத்து இருக்கும். அறுபது டெஸ்ட் எடுத்தால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஒன்றிரண்டு எண் கோட்டுக்கு வெளியே விழும், அதுதான் கணக்கு. அப்புறம் அந்த எண்களை விளக்க டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று போதும்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., புரோலாக்டின். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் போக்கு குறையும். கூடவே படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது என்று இருக்கும். தைராய்டு குறைந்தால் பலருக்குப் போக்கு கூடும், சிலருக்குக் குறையும் அல்லது தள்ளிப்போகும். புரோலாக்டின் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அது கூடினால் மாதவிடாய் குறைந்து தள்ளிப்போய் நின்றும் போகும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சர்வசாதாரணமாகப் போடும் டோம்பெரிடோன் மாத்திரைகூட அதைக் கூட்டும், மனநல மருந்துகள் சிலவும்.

லேபில் யாரும் சொல்லாத இரண்டு விஷயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டுத் தைராய்டு டெஸ்ட் கொடுக்க வேண்டும். சில கருவிகளில் அது முடிவைத் தவறாகக் காட்டும். புரோலாக்டின் தூங்கி எழுந்த உடனும் பதற்றத்திலும் ஏறும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, நிதானமாகப் போய்க் கொடுக்கலாம். கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்றால் பயப்படாமல் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

ஹீமோகுளோபினை ஏன் சேர்த்தேன் என்றால் அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதற்காக. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் பாட்டி சொல்வதுபோல் 'ரத்தம் பத்தாததால்' போக்கு குறைவதில்லை. பெரும்பாலும் இது தலைகீழ்: அதிகப் போக்கால் சோகை வரும். இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்றால், சரியாகச் சாப்பிடாததுதான் இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சோகையைச் சரிசெய்யும். மாதவிடாயைக் கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏ.எம்.ஹெச். என்று, சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிடும் ஒரு டெஸ்ட்டை இப்போது 22 வயதுப் பெண்ணுக்குக்கூட விற்கிறார்கள். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு அது பயன்படும். இயல்பாகக் கர்ப்பம் தரிக்குமா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள். டாக்டர் சொல்லாமல் தானாகப் போய் ஸ்கேன் எடுப்பதும் அப்படியே. பருவம் எய்திய சில வருடங்களுக்கு இளம்பெண்களின் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைய இருப்பது இயல்பு. அதனால்தான் 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி, பருவமடைந்து 8 வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி நோய் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது. இங்கே பிளஸ் டூ பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் 'நீர்க்கட்டி' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் குடும்பமே கலங்கிப்போகிறது.

டாக்டர்: யாருக்குத் தள்ளிப்போடவே கூடாது

மேலே சொன்ன விலக்கு இதுதான். கருச்சிதைவு ஆகியோ, கலைத்தோ, பிரசவத்துக்குப் பிறகு நச்சுக்கொடி தங்கியோ கர்ப்பப்பையைச் 'சுத்தம்' செய்திருக்கிறார்கள். அதற்கு முன் நான்கு நாள் வந்தது, அதற்குப் பின் ஒரு நாள், வெறும் கறைபோல. தேதி மட்டும் தவறுவதே இல்லை. முட்டை வெளியாகிறது, ஹார்மோன் எல்லாம் சரி, ரத்தப் பரிசோதனை அத்தனையும் இயல்பு. கோளாறு கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்கிறது. சுரண்டியபோது சவ்வின் அடித்தளம் காயப்பட்டு, ஆறும்போது முன்சுவரும் பின்சுவரும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். 1948இல் இதை விரிவாக விவரித்த ஜோசப் ஆஷர்மன் பெயரால் ஆஷர்மன் நோய் என்கிறார்கள். சிலருக்குத் தேதி வந்ததும் ரத்தம் வராமல் வலி மட்டும் வரும்.

இந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் எழுதி வைப்பதால் பயன் இல்லை, ஹார்மோன் டெஸ்ட்டாலும் பயன் இல்லை. சாதாரண ஸ்கேனில் சவ்வு மெல்லிசு என்று தெரியலாம், ஒட்டல் தெரியாமலும் போகலாம். ஹிஸ்டிரோஸ்கோப்பி என்று மெல்லிய கேமரா குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்ப்பதுதான் உறுதியான வழி. பார்க்கும்போதே ஒட்டலைப் பிரித்தும் விடலாம். அடுத்த குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு இது அவசரம். "சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் குறைஞ்சது" என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்ல மறக்கக்கூடாது. பல இடங்களில் அவர்களாகக் கேட்பதில்லை. இனிமேல் அப்படி ஒரு நிலை வந்தாலும், கூர்மையான கருவியால் சுரண்டுவதற்குப் பதில் மாத்திரையோ உறிஞ்சும் முறையோ கிடைக்குமா என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனமும் சுரண்டும் முறையைக் கைவிடத்தான் சொல்கிறது.

சுத்தம் எதுவும் செய்யாமலே போக்கு மாதாமாதம் தேய்ந்துகொண்டு போய், குழந்தையும் தங்கவில்லை என்றால் நம் நாட்டில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: கர்ப்பப்பைக் காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. இருமல், சளி எதுவும் இல்லாமலே கருக்குழாயையும் கர்ப்பப்பைச் சவ்வையும் அரிக்கும். சவ்விலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இன்னும் சிலர் உண்டு. குழந்தை பெறாமலே மார்பில் பால் கசிகிறது, கூடவே தலைவலி, ஓரப் பார்வை மங்கல் என்கிறவர்கள். பிரசவத்தில் ஏராளமாக ரத்தம் போய், அதன்பின் பாலும் சுரக்காமல் மாதவிடாயும் திரும்பாமல் எப்போதும் சோர்ந்து கிடக்கிறவர்கள். அது மூளையடிச் சுரப்பி பாதிக்கப்பட்டதாக இருக்கலாம். நாற்பதுக்குள்ளேயே போக்கு தேய்ந்து உடம்பில் அனல் அடிக்கிறவர்கள். மூன்று மாதமாக வராதவர்கள், வருடத்துக்கு எட்டுத் தடவைகூட வராதவர்கள்.

அப்புறம், இளைத்துக்கொண்டே போகும் பெண்கள். கல்யாண போட்டோவுக்காக இரண்டு வேளை சாப்பாட்டை நிறுத்தியவர், ஓட்டப் பயிற்சியில் இருப்பவர், நீட் விடுதியில் பிஸ்கட்டில் நாளைக் கழிப்பவர். உடம்புக்குள் போகும் சக்தி செலவாகும் சக்திக்குப் பற்றாதபோது மூளை முதலில் கை வைப்பது மாதவிடாயில்தான். போக்கு குறையும், பிறகு தேதி தள்ளும், பிறகு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் அந்த வயதிலேயே பலம் இழக்கும். இதற்கு மருந்து, சாப்பாடுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு டாக்டரோ உணவியல் நிபுணரோ இருந்தால்தான் அந்தப் பெண் கேட்பாள். அம்மா சொன்னால் கேட்கமாட்டாள்.

கல்யாணம் ஆகாதவர்கள் மகப்பேறு டாக்டரிடம் போகத் தயங்குவது உள்பரிசோதனைக்குப் பயந்துதான். இந்தப் பிரச்சினைக்கு முதல் தடவையிலேயே அது வேண்டியதில்லை. தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பியதும் வயிற்றின் மேலாகவே ஸ்கேன் எடுக்கலாம். "உள்பரிசோதனை வேண்டாம், மேலோடு பாருங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் நேரம்தான் செலவு. தனியாரில் ஃபீஸோடு எழுதித் தரும் டெஸ்ட்டுகளும் சேரும். எங்கே போனாலும் கடைசியாக வந்த தேதி, மூன்று மாதக் குறிப்பு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவை கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

மாத்திரையும் கைவைத்தியமும்

"வர வைக்கிற மாத்திரை" என்று மருந்துக்கடையில் கேட்டால் பல இடங்களில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது புரோஜெஸ்டிரோன் வகை. 5 முதல் 10 நாள் போட்டு நிறுத்தினால், உள்ளே எவ்வளவு சவ்வு வளர்ந்திருக்கிறதோ அதை உதிர்த்துவிடும். தானாக அதைத் தடிக்க வைக்காது. ஆகவே மாதாமாதம் வந்து, குறைவாகப் படுகிறவருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. மூன்று மாதத்துக்குமேல் வராத நீர்க்கட்டிப் பெண்ணுக்கு, சவ்வு தடித்துக்கொண்டே போகாமல் இருக்க டாக்டர் இதையே கொடுப்பார். அங்கே அது சரியான மருந்து. அக்காவின் சீட்டு தங்கைக்கு ஆகாது என்பது இதனால்தான்.

இன்னும் மோசமானது, கலைப்பு மாத்திரையை 'தள்ளிப்போனது வரட்டும்' என்று ரகசியமாக வாங்கிப் போடுவது. குழாய்க் கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. லேசாக ரத்தம் பட்டதும் 'முடிந்தது' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் தள்ளிப்போடும் மாத்திரை போட்டவர்களுக்கு அடுத்த ஒன்றிரண்டு சுற்றின் கணக்கு மாறலாம், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எள்ளுருண்டை, கருப்பட்டி, உளுந்தங்களி எல்லாம் நல்ல தின்பண்டங்கள். சத்தும் உண்டு, சாப்பிடுங்கள். போக்கைக் கூட்டுமா என்றால் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பப்பாளிக்கும் அன்னாசிக்கும் அதே கதைதான். பயப்பட வேண்டியது, என்ன சேர்த்தது என்றே எழுதாத பொட்டலப் பொடிகளுக்கும் லேகியங்களுக்கும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார், அங்கே போகலாம்.

வயதை வைத்து

பருவமடைந்து முதல் ஒரு வருடம் எப்படி வந்தாலும் இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் இடைவெளி 21 நாளுக்குக் குறைந்தாலோ 45ஐத் தாண்டினாலோ மட்டும் காட்டுங்கள். 8, 9ஆம் வகுப்புப் பெண்ணை இரண்டு நாள் வருகிறது என்பதற்காக டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் கார்டு, அப்புறம் மூன்று மாதக் குறிப்பு. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பவர்கள் மூன்று மாதம் காக்க வேண்டாம், பேச்சோடு பேச்சாக டாக்டரிடம் இதையும் சொல்லிவிடலாம்.

நாற்பதுகளின் நடுவில் குறைவதும் தள்ளுவதும் மாதவிடாய் நிற்கப்போவதன் ஆரம்பமாக இருக்கும். நம் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. குறைந்துகொண்டே போனால் சரி. இடையிடையே கொட்டித் தீர்த்தாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலும் உறவுக்குப் பிறகும் பட்டாலோ காட்ட வேண்டும். அந்த வயதிலும் கர்ப்பம் தரிக்கும் என்பதால் கார்டை மறக்க வேண்டாம்.

நின்று ஒரு வருடம் ஆனபின் படுவது தனிக் கணக்கு. ஐந்து வருடம் கழித்து உள்ளாடையில் ஒரே ஒரு சொட்டுப் பழுப்புக் கறை என்றாலும் அதை மாதவிடாய் என்று எண்ணக்கூடாது. பெரும்பாலும் சவ்வு வறண்டதால் வந்ததாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைச் சவ்வின் புற்றுநோய் தலைகாட்டுவதும் இப்படித்தான், ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது அது. இங்கே கவனிப்பது, லேப், கைவைத்தியம் எதுவும் வழி இல்லை. அந்த வாரத்திலேயே ஸ்கேனும், டாக்டர் சொன்னால் சவ்வுத் துணுக்குப் பரிசோதனையும். அம்மாக்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைப்பார்கள். அதனால் பேச்சுவாக்கில் நாமே "அம்மா, நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது பட்டுதா?" என்று கேட்டுவிட வேண்டியிருக்கிறது.